கடைமடையில் நின்று பார்க்கும் தருமம்

இயற்கை புனிதமானது, ஆகவே அதைப் பேணுவது சமயக் கடமை என்னும் வாதம் இன்று எல்லாச் சமயங்களின் மேடைகளிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் ஒலிக்கிறது. ஆற்றைத் தாயென்றும் மலையைத் தெய்வமென்றும் கடலை இறைவனின் கொடையென்றும் சொல்லும்போது மறுத்துப் பேச எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் அந்த ஆற்றில் இறங்க யாருக்கு உரிமை இருந்தது, மலை உடைபடும்போது யார் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது, கடல் கொந்தளிக்கும்போது யார் திரும்பி வருவதில்லை என்னும் கேள்விகளை அவ்வாதம் தானாக எழுப்புவதில்லை. வளர்ச்சியின் பயனும் சூழல் கேட்டின் சுமையும் மக்களுக்குள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன, அப்பங்கீட்டைத் தீர்மானிக்கும் இடத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது என்று ஆராயும் சிந்தனையே சூழலியல் நீதி எனப்படுகிறது. புனிதம், நீதி ஆகிய இரண்டும் ஒன்றையொன்று தாங்குமா, அல்லது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுமா என்று சோதித்துப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டம் தகுந்த நிலம்.

இம்மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை முதன்மையாகக் குறித்த நாஞ்சில் நாடு நீரால் உருவான நாடு. பறளியாற்று நீரைப் பழையாற்றின் பக்கம் திருப்பிய பாண்டியன் கால்வாயும், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், மாவட்டம் முழுவதும் பரவிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் மலையில் பெய்யும் மழையைப் படிப்படியாக இறக்கிக் கடல்வரை கொண்டு சேர்க்கின்றன. கால்வாயின் கடைசி மடையில் பாயும் வயல்களுக்குக் கடைமடை என்று பெயர்; மேலே உள்ளவர் எடுத்தது போக மிஞ்சிய நீர் மட்டுமே அங்கு வரும், மேலே உள்ளவர் கலந்த அழுக்கோ முழுவதும் வரும். நீர்ப் பங்கீடு நேர்மையாக நடக்கிறதா என்பதைத் தலைமடையில் நின்று அறிய முடியாது என்பது உழவர் அனைவரும் அறிந்ததுதான். தருமத்தைப் பற்றிய சமயச் சிந்தனையையும் கடைமடையில் நிறுத்தியே எடைபோட வேண்டியிருக்கிறது. கடைமடைக்கும் கீழே கடற்கரை ஒன்று இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தாணுமாலயன் கோயிலால் பெயர்பெற்ற சுசீந்திரத்தின் குளமும் அண்டையிலுள்ள தேரூர்க் குளமும் சேர்ந்து 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் சிறப்பு மதிப்புடைய நீர்நிலையாக அறிவிக்கப்பட்டன; வேம்பனூர்க் குளமும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைகளுக்கு உலகம் இத்தனை மதிப்பளித்துள்ள இதே சுசீந்திரத்தில்தான், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலியோர் சத்தியாகிரகம் நடத்த நேர்ந்தது. கோயில் வாயில் திறந்தது 1936-ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனத்திற்குப் பிறகே. புனிதம் இங்கு நெடுங்காலம் வேலியாகவே பயன்பட்டது. அந்த வேலி நீரையாவது காத்ததா என்றால், அதுவும் இல்லை. பழையாற்றில் நாகர்கோவில் நகரின் கழிவுநீர் கலப்பதை ஊரே அறியும். மனிதரை விலக்குவதில் காட்டிய கண்டிப்பில் கால்பங்கைக்கூடச் சாக்கடையை விலக்குவதில் புனிதம் காட்டவில்லை. இன்று குளங்களை மீட்கும் நல்ல முயற்சிகளிலும் அந்த வேலி வேறு வடிவில் திரும்பி வரக்கூடும்: தூர்வாரிக் கரையை உயர்த்தி, நடைபாதையும் கம்பிவேலியும் போட்டபின், வண்டல் அள்ளிய உழவரும் துணி வெளுத்தவரும் மாடு குளிப்பாட்டியவரும் அந்தக் குளத்துக்கு அந்நியராகிவிட்டால், பறவைகள் மீண்டு வந்தாலும் குளம் பாதிதான் மீண்டிருக்கிறது.

சுசீந்திரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத சாமித்தோப்பில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேறொரு சிந்தனை வேர்விட்டது. தலைவரி முதலிய வரிகளாலும், ஊழியம் எனப்பட்ட கூலியற்ற கட்டாய வேலையாலும் நசுக்கப்பட்ட மக்களிடையே எழுந்து, திருவிதாங்கூர் அரசால் சிறையிலும் அடைக்கப்பட்ட அய்யா வைகுண்டர், தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதுதான் தருமம் என்று போதித்தார். வருணத்துக்கு ஏற்பக் கடமைகளைப் பிரித்துக் கொடுக்கும் தருமம் மேலிருந்து கீழ்நோக்கிப் பேசுகிறது. அவர்வழி உருவான அய்யாவழியின் தருமமோ கீழே கிடப்பவரின் நிலையை அளவுகோலாகக் கொண்டு மேலே இருப்பவரைக் கணக்குக் கேட்கிறது. இந்தக் கருத்து முதலில் செயல்வடிவம் பெற்ற இடங்களுள் ஒன்று நீர்நிலை என்பது கவனத்துக்குரியது: சாமித்தோப்பின் முத்திரிக்கிணற்றில் சாதி பாராமல் எல்லோரும் ஒன்றாக நீராடினர், ஒரே நீரைக் குடித்தனர். சூழலியல் நீதி என்னும் சொல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, பொதுநீரைப் பொதுவாக்குவது சமயச் செயல் என்று நாஞ்சில் நாட்டில் ஒருவர் நிலைநாட்டியிருந்தார். அய்யாவழியை ஒரு சமூகத்தின் சமயமாக மட்டும் எழுதி முடித்துவிட்ட ஆய்வுகள் இந்தப் பக்கத்தைப் போதிய அளவு திறக்கவில்லை.

தருமத்தைப் பற்றிய அய்யாவழியின் இந்தக் கருத்துக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாழ்ந்து கிடப்போர் என்று மனிதரை மட்டும் எண்ணினால் பறவைக்கும் ஆமைக்கும் அலையாத்திக்கும் தம்மளவில் எந்த மதிப்பும் இல்லாமற் போய்விடாதா என்பது அந்த மறுப்பு. இதே மாவட்டத்தில், சிதறால் மலையின் பாறைச் சிற்பங்களை விட்டுச் சென்ற சமணர், ஓரறிவு உயிருக்கும் துன்பம் செய்யாமையை அறத்தின் முதற்படியாக வைத்தவர்கள். அவர்கள் பார்வையில் மனித நீதி, உயிர் நீதியின் ஒரு பகுதி மட்டுமே. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் பேச வாயில்லாத உயிர்களின் சார்பாகப் பேசும் உரிமையைத் தமக்கென்று எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் தலைமடையில் இருப்பவர்களே என்பதையும், காட்டைக் காப்பதன் பெயரால் காணிக்காரர் போன்ற பழங்குடியினரின் நடமாட்டம் சுருங்கியிருப்பதையும் மறைக்க முடியாது. வாயுள்ளவரின் குரலையே கேளாத ஓர் ஏற்பாடு வாயில்லாதவற்றின் நலனைச் சரியாக ஊகித்துவிடும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. 2015-இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட லவ்தாத்தோ சி என்னும் சுற்றுமடல், அதாவது திருச்சபை முழுமைக்கும் எழுதப்படும் போதனைக் கடிதம், நிலத்தின் துயரையும் ஏழையின் துயரையும் ஒருங்கே கேட்கச் சொன்னபோது, புனித சவேரியார் 1544-இல் திருமுழுக்குக் கொடுத்த கடற்கரையில் அது புதிய செய்தியாகத் தோன்றியிருக்காது. மீனவர் அமைப்புகள் நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு இரு கடற்கரைகள் வழியாகவும் நடந்து வந்து 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் கூடியதும், அந்தக் கூட்டம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கலைந்ததும் அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டன.

தாழ்ந்தோரைக் காப்பது தருமம் என்ற வரையறைக்கு உண்மையான சோதனை கடற்கரையில்தான் வருகிறது. ஏனெனில் அங்கே ஒரு தாழ்ந்தோரைக் காப்பது இன்னொரு தாழ்ந்தோரைத் தாக்குகிறது. ஆனி ஆடி மாதங்களின் கடல் சீற்றம் வீடுகளைப் பறிக்கும்போது ஊர்மக்கள் கேட்பது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் கருங்கற்களைக் கொட்டி நீட்டப்படும் தடுப்புச் சுவருக்குக் கடற்கரையார் வைத்த பெயர் அது. அலைகள் கரையையொட்டி நகர்த்திச் செல்லும் மணலை அச்சுவர் ஒருபக்கம் பிடித்து வைக்கிறது; அதனால் மறுபக்கத்து ஊருக்கு வரவேண்டிய மணல் வராமல், அங்கே கடல் உள்ளே புகுகிறது. அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது, அதற்கடுத்த ஊரும் கேட்கிறது. ஆற்று மணல் கடலுக்கு வருவதை அணைகள் ஏற்கெனவே குறைத்துவிட்டன. துறைமுகச் சுவர்கள் மணலோட்டத்தை மேலும் குழப்புகின்றன. தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்திலேயே படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. தடுப்புச் சுவர்களுக்கான கல்லோ மலையை உடைத்துத்தான் வர வேண்டும். இம்மாவட்டத்தின் மலைக்கல் எல்லை தாண்டி விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் லாரிகளில் சென்றதைக் கண்டித்துப் போராட்டங்கள் நடந்தன. ஆக, கடற்கரை ஊருக்கு அளிக்கப்படும் நிவாரணம் மலையடிவார ஊரின் இழப்பாக மாறுகிறது. தூண்டில் வளைவு கேட்கும் மீனவரைச் சூழலியல் அறியாதவர் என்று இகழ்வது எளிது. இன்றிரவு சுவர் இடியும் வீட்டில் படுப்பவருக்கு வேறு வழி எதுவும் காட்டப்படவில்லை. இங்கே தருமம் ஓர் ஊரின் கோரிக்கையை ஏற்பதோடு முடியாது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை மணலின் ஓட்டத்தை ஒரே கணக்காக எடுத்து, இழக்கும் ஊர் எதுவோ அதையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவதே தருமம்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இந்தக் கடைமடைக் கணக்கை உலக அளவுக்கு விரித்துக் காட்டியது. அரபிக்கடல் வெப்பமடைந்து வருவதும் புயல்கள் விரைவாக வலுப்பெறுவதும் தொழிற்புரட்சி நாடுகள் இரு நூற்றாண்டுகளாக எரித்த கரியோடும் எண்ணெயோடும் தொடர்புடையவை. உயிரைக் கொடுத்தவர்களோ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, தேடுதலைத் தொடருமாறு கேட்டனர். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழாண்டு காத்திருக்கச் சொல்வதால், உடல் கிடைக்காத குடும்பங்களுக்குத் துக்கம் அனுசரிப்பதே ஒரு வழக்காயிற்று. 2022-இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளின் இழப்புகளுக்கென ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் நாடுகளின் கருவூலத்துக்கு வருமே தவிர, வள்ளவிளையின் ஒரு வீட்டு வாசலுக்கு எவ்வாறு வந்து சேரும் என்பதற்கு எவரிடமும் தெளிவான விடை இல்லை. பாசனக் கால்வாய்க்கும் உலக நிதிக்கும் நோய் ஒன்றே.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் இருப்பது 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க்கால் கண்டறியப்பட்டது முதல் இக்கரையின் மணலுக்கு உலகில் விலை உண்டு. ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு முதலிய இடங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டமிட, 2024 அக்டோபர் 1-க்கு அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. கதிரியக்க மணலை அகற்றினால் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். தோண்டத் தோண்டப் புற்றுநோயும் கடலரிப்பும் பெருகும் என்று அஞ்சுகின்றனர் மக்கள். இதில் எது சரி என்பதை அறிவியலார் விவாதிக்கலாம். அந்த விவாதத்தை மக்கள் முன்னிலையில் நடத்துவதற்கு இருந்த ஒரே சட்டமேடை கருத்துக்கேட்புக் கூட்டம். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களித்தது. நிலத்தைப் புனிதமென்று போற்றும் அய்யாவழிப் பதிகளும் ஆலயங்களும் கோயில்களும் தமக்குள் வேறுபடாமல் சேர்ந்து கேட்கத்தக்கது ஒன்றுண்டு: அந்த விலக்கு நீக்கப்பட்டு, மீனவர் கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கீழ்மிடாலம் கடற்கரையிலேயே, திட்ட அறிக்கை முழுவதும் தமிழில் கையில் கொடுக்கப்பட்டு, அந்தக் கூட்டம் நடத்தப்பட வேண்டும்.