தாடியஸ் ஸ்டீவன்ஸ்: வென்ற வழக்கின் பாரம்

தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1792இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் ஊரில் வளைந்த பாதத்துடன் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். தாயின் உழைப்பில் படித்து, 1814இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞரானார்.

1821இல் சேரிட்டி பட்லர் என்ற அடிமைப்பெண்ணின் விடுதலை வழக்கு அவரிடம் வந்தது. மேரிலாந்திலிருந்து கொண்டுவரப்படும் அடிமை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். 1780ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தந்தது. விட்டு விட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும் என்றது சேரிட்டியின் தரப்பு. உரிமையாளருக்காக வாதாடிய ஸ்டீவன்ஸ், அப்படிக் கூட்டக் கூடாது என்றார். நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சேரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நீடித்தனர்.

யார் வந்து கேட்டாலும் வாதாடுவதுதான் தொழில் என்று வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. ஸ்டீவன்ஸ் அந்தச் சமாதானத்தோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். 1851இல் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில் அடிமைகளைப் பிடிக்க வந்த உரிமையாளர் கொல்லப்பட்டபோது, தேசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயின் தரப்பில் நின்றார், ஹான்வே விடுதலையானார். மனம் மாறிவிட்டார் என்று சொல்லிக் கணக்கை முடிப்பது எளிது. ஆனால் அந்த மாற்றத்தின் பலன் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. 1821இல் தோற்றவர்களுக்கு அதில் பங்கில்லை.

1833இல் பென்சில்வேனியா சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார். வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்ற 1834ஆம் ஆண்டுச் சட்டம் வரி கட்டுவோரிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. மறு ஆண்டே அதை நீக்க மேலவை வாக்களித்தது. 1835 ஏப்ரலில் கீழவையில் ஸ்டீவன்ஸ் ஆற்றிய உரை சட்டத்தைக் காப்பாற்றியது. அவருடைய சட்டமன்றப் பணியில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை என்று வரையறுத்த 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட அவர் மறுத்தார்.

1842இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் சென்று, குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் உறுதிசெய்யும் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தத்துக்காக உழைத்தார். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1868ஆம் ஆண்டிலேயே ஆகஸ்ட் 11 அன்று இறந்தார். லங்காஸ்டரில் நிறம் பார்த்து இடம் மறுக்காத ஒரு சிறு கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். அந்த இடத்தைத் தேர்ந்ததன் காரணத்தைச் சொல்லும் கல்லறை வாசகத்தையும் தாமே எழுதிவைத்திருந்தார்.