படையெடுத்து வந்தவர்களின் மகள்கள்

மிகுபுனைவு நாவல்களில் படையெடுத்து வருகிறவர்களுக்குத் தாய் இருப்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கமிருந்தோ கடலுக்கு அப்பாலிருந்தோ கூட்டமாக வருவார்கள். எரிப்பார்கள், வெட்டுவார்கள், கடைசியில் வெட்டுப்பட்டுச் சாவார்கள். அவர்கள் புறப்பட்டு வந்த வீட்டில் யார் சமைத்தார்கள், யார் அவர்களைப் பெற்று வளர்த்தார்கள் என்று கதை கேட்பதில்லை. டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ஓர்க்குகள் படைபடையாக வருகிறார்கள். ஓர்க் பெண் ஒருத்திகூட வருவதில்லை. இதை வெறும் விடுபடல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. தாயும் மகளும் இல்லாத கூட்டத்தைக் கொன்று குவித்தால் எந்த வீட்டிலும் ஒப்பாரி எழாது. வாசிக்கிற நமக்கும் உறுத்தாது. உறுத்தாமல் கொல்ல வேண்டுமென்றால், எதிரியின் வீட்டுப் பெண்களை முதலில் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அந்தப் பெண்களைத் திரும்பவும் கதைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? படையெடுத்தவர்களுக்கும் வரலாறு உண்டு, பண்பாடு உண்டு, வீடு உண்டு என்று எழுதுவது அவர்கள் செய்ததை மன்னிப்பதாகுமா? ஊர் எரிந்து நிற்பவளிடம் போய், எரித்தவன் வீட்டிலும் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள் என்று சொல்வது நியாயமா? அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) தன் எர்த்ஸீ நாவல்களில் இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார். அவர் படைத்த கார்க் மக்களை முன்வைத்தே நானும் இதை யோசிக்கிறேன்.

எர்த்ஸீ தீவுகளாலான ஓர் உலகம். முதல் நாவலான ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ 1968இல் வந்தது. கோன்ட் தீவின் மலைக்கிராமத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட்தான் அதன் நாயகன். அவனுக்குப் பதின்மூன்று வயது நிறையும் முன்பே கார்க் படை அந்தத் தீவைத் தாக்குகிறது. கிழக்கிலுள்ள கார்காட் பேரரசிலிருந்து கப்பல்களில் வந்தவர்கள் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு மலையேறுகிறார்கள். சிறுவன் மூடுபனியை வரவழைத்துத் தன் ஊரை மறைத்துக் காப்பாற்றுகிறான். கார்க்குகளைப் பற்றி அங்கே கிடைக்கும் அறிமுகம் மிகச் சிறியது: வெள்ளைத் தோல், மஞ்சள் முடி, இரத்த வெறி.

கெட்டும் அவனுடைய மக்களும் செம்பழுப்பு நிறத்தவர்கள். காட்டுமிராண்டிக்கு வெள்ளைத் தோலைக் கொடுத்தது அன்றைய அமெரிக்க மிகுபுனைவில் துணிச்சலான காரியம். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். ஆனாலும் நிறத்தை மாற்றிப்போட்டதால் மட்டும் சட்டகம் மாறிவிடவில்லை. வெள்ளைத் தோல் கொண்ட அந்தக் கூட்டத்துக்கும் வீடு இல்லை.

அதே நாவலின் பிற்பகுதியில் ஒரு சிறிய விரிசல் தெரிகிறது. படகு உடைந்து ஒரு மணல்திட்டில் ஒதுங்கும் கெட், அங்கே ஒரு கிழவனையும் கிழவியையும் காண்கிறான். பேச்சே ஏறக்குறைய மறந்துபோன அண்ணனும் தங்கையும். கார்க் அரச வம்சத்தின் குழந்தைகளான அவர்களை, ஆட்சியைப் பிடித்தவர்கள் சிறு வயதிலேயே அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கிழவி தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு குழந்தைப் பட்டுச் சட்டையைக் காட்டுகிறாள். உடைந்த வளையத்துண்டு ஒன்றை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். கார்க் பேரரசு கோன்ட்டைக் கொளுத்துவதற்கு வெகுகாலம் முன்பே தன் வீட்டுச் சிறுமி ஒருத்தியைத் தூக்கி எறிந்திருந்தது என்பதை அந்தச் சட்டை சொல்கிறது.

1971இல் வந்த ‘த டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ நம்மை அந்த வீட்டுக்குள்ளேயே அழைத்துப் போகிறது. கார்க்குகளின் வரலாறு இங்கேதான் விரிகிறது. அவர்களுடைய பழைய தெய்வங்கள் மண்ணுக்கடியில் இருக்கும் பெயரற்ற சக்திகள். பின்னர் பூசாரிகளே அரசர்களானார்கள். அரசர்கள் பேரரசர்களாகி, கடைசியில் தங்களையே கடவுள் என்று அறிவித்துக்கொண்டார்கள். மந்திரத்தை மட்டுமல்ல, எழுத்தையும் சூனியமாக எண்ணி வெறுக்கிற மக்கள் இவர்கள். நினைவில் இருப்பதை வாய்வழியாகத்தான் கடத்துகிறார்கள். உயிர் மீண்டும் மீண்டும் பிறக்கும் என்று நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையின் விலையைச் சிறுமிகள் கொடுக்கிறார்கள். கல்லறைகளின் தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறக்கும் பெண் குழந்தை, அவளுடைய மறுபிறப்பு. டெனார் என்ற குழந்தை அப்படி அடையாளம் காணப்படுகிறாள். ஐந்து வயதில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு சடங்கில் அவள் பெயரைப் பறித்துக்கொள்கிறார்கள். அதன்பின் அவள் அர்ஹா, அதாவது விழுங்கப்பட்டவள். பாலைவனத்து நடுவில் இருக்கும் அந்த இடத்தில் பெண்களும் அலியாக்கப்பட்ட ஆண்களும் மட்டுமே வாழ்கிறார்கள். அர்ஹாவின் தோழி பென்தே பக்தியினால் அங்கே வந்தவளல்ல. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை, அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு வாசகி எளிதாகச் சொல்லிவிடலாம்: பாவம் அந்தப் பெண்கள், அவர்களும் பலியானவர்கள்தானே என்று. லெ குவின் அதற்கு இடம் தரவில்லை. கடவுளரசன் மூன்று கைதிகளைக் கல்லறைகளுக்கு அனுப்புகிறான். அவர்களை எப்படிக் கொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் அர்ஹா. இருட்டறையில் சங்கிலியிட்டு, உணவும் நீரும் இல்லாமல் விட்டுவிடச் சொல்கிறாள். அவள் வாயிலிருந்து வந்த ஆணை அது. பிறகு அவளுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன, உடல் நோகிறது. ஆனால் அந்த மூவரும் திரும்பி வருவதில்லை.

விழுங்கப்பட்டவளும் கொலை செய்தவளும் ஒரே பெண்தான். அவள் சிறுமி, அதனால் பொறுப்பில்லை என்று சொன்னால் செத்தவர்களை இரண்டாவது முறை அழிக்கிறோம். அவள் கொலைகாரி, அவள் கதை வேண்டாம் என்று சொன்னால் கொலைகாரிகளைத் தயாரிக்கும் இடத்தைத் திரைபோட்டு மறைக்கிறோம். அந்த இடம் இருக்கும்வரை அடுத்த குழந்தை அங்கே கொண்டுவரப்படுவாள். புரிந்துகொள்வது ஒரு வேலை, மன்னிப்பது வேறொரு வேலை. மன்னிக்கும் உரிமை அந்த மூவருக்கு மட்டுமே உண்டு. அதை அவர்கள் சார்பில் வாசகி எடுத்துக்கொள்ள முடியாது. புரிந்துகொள்ளும் கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

இந்தப் புரிதலுக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ‘அட்டுவான்’ கதையின் இறுதியில் கெட் வந்து அந்தப் பெண்ணை வெளியே கூட்டிப் போகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது பழகிய கதை: நாகரிகமான தேசத்து ஆண், காட்டுமிராண்டி மதத்தின் பிடியிலிருந்து ஒரு பெண்ணை மீட்கிறான். பேரரசுகள் இந்தக் கதையை எப்படிப் பயன்படுத்தும் என்பதை 1988இல் வெளியான கட்டுரையில் காயத்ரி ஸ்பிவாக் உடன்கட்டை ஒழிப்பை வைத்து விளக்கினார். பழுப்பு நிறப் பெண்களைப் பழுப்பு நிற ஆண்களிடமிருந்து காக்கிறோம் என்பதே வெள்ளை ஆட்சியின் நியாயமாக ஆனது. 2001 நவம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி வானொலியில் ஆப்கானியப் பெண்களின் உரிமையைப் பேசியபோது, அவர்களுடைய ஊர்கள்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. எதிரியின் வீட்டுப் பெண் படும் துன்பம் உண்மை. அந்த உண்மையை ஆயுதமாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் கதைக்குள் கூர்ந்து பார்த்தால் மீட்பு ஒருவழிப் பாதையாக இல்லை. கல்லறையின் இருட்டில் சிக்கிய கெட்டுக்குத் தண்ணீர் கொடுத்து உயிரோடு வைத்திருப்பது அவள்தான். சுரங்கவழிகள் தெரிந்தவளும் அவள்தான். அவன் தேடி வந்தது மணல்திட்டுக் கிழவி கொடுத்த துண்டின் மறுபாதியை. இரண்டையும் சேர்த்தால் அமைதிக்கான, தொலைந்துபோன மந்திர எழுத்து முழுமையாகும். ஒரு பாதி பேரரசு தூக்கி எறிந்த சிறுமியிடம் இருந்தது. மறுபாதி பேரரசு விழுங்கிய சிறுமியின் காவலில் இருந்தது.

அதன்பின் டெனார் போய் வாழ்வது கோன்ட் தீவில். அவள் இனத்தவர் கொளுத்திய அதே தீவு. ‘அட்டுவான்’ வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1990இல், ‘தெஹானு’ நாவலில் அவளை நடுவயதில் பார்க்கிறோம். ஒரு விவசாயியைக் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, விதவையாகியிருக்கிறாள். ஊரார் அவளைக் கோஹா என்கிறார்கள். வலை பின்னும் சிறிய வெள்ளைச் சிலந்திக்கு அங்கே அதுதான் பெயர். பட்டப்பெயரில் பிரியமும் இருக்கிறது, தோலின் நிறமும் இருக்கிறது. கணவன் இறந்தபின் அவள் பாடுபட்ட பண்ணை மகனுக்குத்தான் சேரும். கடலிலிருந்து திரும்பி வரும் மகன், தாய் சமைத்துப்போட்டுப் பாத்திரம் கழுவுவதை இயல்பாக எடுத்துக்கொள்கிறான். மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பேரரசிலிருந்து தப்பி வந்தவள் நாகரிக நாட்டில் வந்துசேர்ந்த இடம் இதுதான்.

இதைவிடக் கடுமையான ஒன்றும் அந்த நாவலில் இருக்கிறது. டெனார் ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். வன்புணர்வு செய்து, அடித்து, தீயில் தள்ளிவிட்டுப் போன குழந்தை. ஒரு பக்க முகமும் ஒரு கண்ணும் கையும் கருகிவிட்டன. தீயிலிட்டவர்கள் கார்க்குகள் அல்ல. கடல் தாண்டி யாரும் வரவில்லை. அந்தத் தீவிலேயே அலைந்து திரியும் ஆண்கள், அவளுடைய தகப்பன் என்று சொல்லப்படுபவன் உட்பட. முதல் நாவலில் தீ என்றால் கார்க்குகள். இப்போது அதே தீ உள்ளூர் ஆணின் கையில் இருக்கிறது. அந்தக் குழந்தையைத் தூக்கி மருந்திட்டு வளர்ப்பவள் எதிரி இனத்தில் பிறந்தவள்.

இதனால் கார்க்குகளின் குற்றம் குறைந்துவிடுகிறதா? இல்லை. அவர்கள் கொளுத்திய ஊர்கள் கொளுத்தப்பட்டவைதான். ஆனால் வன்முறை என்றாலே வெளியிலிருந்து வருவது என்று எல்லையில் நின்று காவல் காக்கிற கதை, முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்காமலிருக்க உதவுகிறது. படையெடுப்பின் வரலாற்றை மட்டும் எழுதி வீட்டின் வரலாற்றை எழுதாமல் விடுகிறவர்கள், ஏதாவது ஒரு வீட்டின் ஆணைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அது எதிரியின் வீடாகவும் இருக்கலாம், நம் வீடாகவும் இருக்கலாம்.

லெ குவின் ஏன் இந்தக் கேள்வியை விடவில்லை? அவருடைய தந்தை ஆல்ஃபிரட் குரோபர் கலிஃபோர்னியப் பூர்வகுடிகளை ஆராய்ந்த மானுடவியலாளர். யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி 1911இல் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவருடைய மக்களைக் கொன்றழித்தவர்கள் குடியேறிய வெள்ளையர்கள். இஷி 1916இல் சாகும்வரை தங்கியிருந்தது குரோபர் பணியாற்றிய அருங்காட்சியகத்தில். லெ குவினின் தாய் தியடோரா குரோபர் இஷியின் வாழ்க்கையை எழுதி 1961இல் புத்தகமாக்கினார். படையெடுத்து வந்தவர்களின் மகள் என்பது லெ குவினுக்குக் கற்பனைப் பாத்திரம் மட்டுமல்ல. அவரே அப்படியொரு மகள்தான். டெனார் முதல் நாவல் முடிந்த பின் அவருக்குத் தோன்றியவளாக இருக்கலாம்; கேள்வி அவர் பிறந்த வீட்டிலேயே இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கடைசி நாவலான ‘தி அதர் விண்ட்’ 2001இல் வந்தது. கார்க் அரசன் தன் மகள் செசெராக்கைத் தலைமுதல் கால்வரை சிவப்புத் திரையிட்டு, தீவுக்கூட்டத்தின் இளம் அரசன் லெபன்னனுக்கு மணம் பேசி அனுப்பிவைக்கிறான். லெபன்னனுக்கு எரிச்சல், அவன் கண்ணுக்குத் தெரிவது துணி மட்டும். டெனார் போய் அவளருகில் உட்கார்ந்து அவள் மொழியில் பேசுகிறாள். திரையைப் பிடித்து இழுப்பதில்லை, மீட்கவும் வருவதில்லை, பேச்சுக் கொடுக்கிறாள். அந்தப் பேச்சிலிருந்து, கற்றறிந்த மந்திரவாதிகள் மறந்துபோன ஒரு வரலாறு வெளியே வருகிறது. எழுத்தில்லாத கார்க்குகள் அதை மறக்கவில்லை. ஆதியில் மனிதரும் டிராகன்களும் ஓர் உடன்படிக்கை செய்து பிரிந்தார்கள். அதை மீறியவர்கள் தீவுக்கூட்டத்தின் மந்திரவாதிகள். சாகாமலிருக்கும் ஆசையில் டிராகன்களின் நிலத்தைத் திருடிச் சுவர் எழுப்பினார்கள். எர்த்ஸீயின் பழைய ஆக்கிரமிப்பு அதுதான். நாகரிகமானவர்கள் தங்கள் முதல் படையெடுப்பை மறந்துவிட்டு, பிந்தைய படையெடுப்பாளர்களைக் காட்டுமிராண்டிகள் என்று அழைத்திருக்கிறார்கள்.

அதனால் எதிரியின் வரலாற்றைக் கேட்பது எதிரிக்குச் செய்யும் சலுகை என்று நான் நினைக்கவில்லை. எரிந்த ஊருக்காகவே அதைக் கேட்க வேண்டும். யார் எரித்தார்கள் என்பதோடு, எரிப்பவர்கள் எங்கே உருவாக்கப்படுகிறார்கள், அங்கே முதலில் விழுங்கப்பட்டது யார், விழுங்கப்பட்டவள் பின்பு யாரை விழுங்கினாள், நம் வீட்டுச் சுவர் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் அது பழியாகவோ இரக்கமாகவோ முடிந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் நியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்க முடியும். அதைக் கேட்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இரண்டு கரையிலும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளப்படாத பெண்கள்தான். வெள்ளைச் சிலந்தி என்று பெயர் வாங்கிக்கொண்டு, அடுத்தவர் பிள்ளையின் தீப்புண்ணுக்கு மருந்திடுகிறவர்கள்.