முடிக்காமல் போனவர்

நாற்பதைத் தாண்டியபின் பெரிய வேலை எதில் கைவைத்தாலும் மனசுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்கிறான். ‘இதை முடித்துவிடுவாயா?’ என்பது அவனுடைய ஒரே கேள்வி. அவன் வாயை அடைக்க எனக்கு உதவுகிறவர் பார்பரா தோர்ன்டன்.

1950இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் பழைய ஐரோப்பிய இசை படித்தார். அங்கே உடன் படித்த பெஞ்சமின் பேக்பியோடு சேர்ந்து 1977இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ‘செக்வென்ஷியா’ குழுவைத் தொடங்கினார். அதன் பெண்குரல்களை வழிநடத்தியவர் அவர். தானும் ஒரு குரலாக வரிசைக்குள் நின்று பாடியவரும்கூட.

எடுத்துக்கொண்ட வேலை சாதாரணமானதல்ல. 12ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் கன்னியர் மடம் நடத்திய ஹில்டகார்டின் பாடல்கள் அத்தனையையும் ஒலிப்பதிவு செய்வது. எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள், போதாததற்கு ஓர் இசைநாடகம். ஏடுகளில் சுரம் ஏறி இறங்கும் வழி இருக்கிறது. தாளம் இல்லை, வேகம் இல்லை. சில பாடல்கள் இரண்டு ஸ்தாயிக்கு மேல் தாவுகின்றன. பல பெண்கள் ஒரே மெட்டைப் பாடும்போது எந்தச் சொல்லில் நிற்பது, எங்கே மூச்சு வாங்குவது என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அது சரிதான் என்று சொல்ல அந்தக் காலத்து ஆள் எவரும் வரப்போவதில்லை.

1982இல் அந்த இசைநாடகத்தைப் பதிவு செய்தார்கள். பெயர் ‘ஆர்டோ விர்டூட்டும்’. அதில் நற்குணங்களெல்லாம் பெண்களாக வந்து பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் பாட்டு கிடையாது. அவன் வெறுமனே பேசுகிறான், கத்துகிறான். இசை தெரிந்த ஒருத்திக்குத்தான் இப்படியொரு தண்டனை தோன்றும்.

அதே தண்டனை ஹில்டகார்டுக்கும் வந்தது. திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒருவரை மடத்தில் அடக்கம் செய்தார் என்று 1178இல் மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் அவர்மேல் பாய்ந்தார்கள். இறந்தவர் சாகுமுன் மன்னிப்புப் பெற்றுவிட்டார், உடலைத் தோண்டியெடுக்க மாட்டேன் என்றார் ஹில்டகார்ட். மடத்தில் பாடவே கூடாது என்று தடை விழுந்தது. வயது எண்பது. உட்கார்ந்து கடிதம் எழுதினார், வாதாடினார். 1179இல் தடை நீங்கியது. அந்தச் செப்டம்பரில் இறந்தார். பிறகு அந்தப் பாடல்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஏட்டிலேயே கிடந்தன.

1998 ஹில்டகார்ட் பிறந்த 900ஆம் ஆண்டு. அந்த நவம்பரில் தோர்ன்டன் மூளைக்கட்டியால் இறந்தார். வயது 48. பதிவுவரிசை முடிந்திருக்கவில்லை.

‘பாவம், பாதியில் போய்விட்டாள்’ என்று சொல்லத்தான் வாய் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோ ஒருத்தியின் பாட்டுக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தவருக்கு, மிச்சத்தை இன்னொருவர் பாடுவது எப்படி நஷ்டமாகும்? குரல் போனது போனதுதான், அதற்கு ஈடில்லை. ஆனால் வேலை, அடுத்தவர் தொடரும்படி நின்றது. கணக்குப்பிள்ளை கேட்கவேண்டியது அதைத்தான்; அவன் கேட்பதேயில்லை.

மீதியைப் பேக்பி முடித்தார். கடைசித் தட்டு 2013இல் வந்தது. கேட்க விரும்புகிறவர்கள் தோர்ன்டன் இருந்தபோது 1994இல் வந்த ‘கான்டிக்கிள்ஸ் ஆஃப் எக்ஸ்டசி’யில் தொடங்குங்கள். லத்தீன் தெரியவேண்டும் என்றில்லை.