நூலைப் போற்றுதலும் நூலுக்கு உட்படுதலும்

சமய நம்பிக்கையாளர் தம் மறைநூல்மீது கொள்ளும் அன்பு, அந்நூலைப் போற்றுவதிலும் அது சொல்வதற்கு உட்படுவதிலும் வெளிப்படுகிறது. முன்னது பின்னதற்குத் துணையாகுமா, அன்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா என்பது அறவியல் சார்ந்த வினா. இதனை ஆராய்வதற்குச் சீக்கியரின் குரு கிரந்த சாகிப் மிகப் பொருத்தமான களம் எனலாம்.

குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் 1604இல் அமிர்தசரஸ் பொற்கோயிலில் நிறுவப்பட்டது. பின்னர்க் குரு தேக் பகதூரின் பாடல்களும் சேர்க்கப்பெற்ற அந்நூலையே குரு கோவிந்த் சிங் 1708இல் நாந்தேட்டில் தமக்குப்பின் குருவாக அறிவித்தார் என்பது சீக்கிய மரபு. விடியலில் அதனை விதானத்தின்கீழ் எழுந்தருளச் செய்து கவரி வீசுவர். இரவில் பள்ளியறைக்குக் கொண்டுசெல்வர். அதன் 1430 பக்கங்களும் 'அங்கம்' என்றே சுட்டப்பெறுகின்றன. உருவ வழிபாட்டை மறுத்தோர் நூலையே உருவாக்கி வழிபடுகின்றனர் என இதனைக் குறைகூறுவாரும் உளர். அக்கூற்று மேலோட்டமானது. விரிக்கும் பக்கத்தில் வரும் பாடலை அன்றைய ஆணையாக ஏற்கும் வழக்கம் அவர்களிடையே உண்டு என்பதை அது கருதவில்லை.

இவ்வழக்கத்தின் வலிமை 1920 அக்டோபர் 12 அன்று புலப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவியோர், ஜாலியன்வாலா பாகில் நடைபெற்ற கூட்டத்திலிருந்து கடா பிரசாதம் ஏந்திப் பொற்கோயிலுக்குச் சென்றனர். பூசகர்கள் அதனை ஏற்க மறுத்தனர். வாதம் நீண்டபின் கிரந்தத்தையே கேட்பதென முடிவாயிற்று. வந்தது மூன்றாம் குரு அமர்தாசரின் பாடல். குணமற்றோரையும் இறைவன் தானே பொறுத்தருளி மெய்க்குருவின் பணியில் சேர்த்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. (குணமற்றோர் என்பது இறைவன்முன் நிற்கும் மாந்தர் அனைவரையும் குறிக்கும், ஒரு சாதியாரை மட்டும் குறிப்பதன்று.) பிரசாதம் ஏற்கப்பட்டது.

சீர்திருத்தம் வேண்டியோரிடம் வாதிட்ட பூசகர்களால், நாள்தோறும் தாம் கவரி வீசிய நூலிடம் வாதிட இயலவில்லை. இங்குச் சடங்கே நூலுக்குத் தீர்ப்புரைக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தது எனல் பொருந்தும். ஆயினும் அக்கூட்டத்தார் அடுத்து அகால் தக்துக்குச் சென்றபோது, அங்கிருந்த பூசகர்கள் இடத்தைவிட்டே அகன்றனர். ஆணையை மறுக்க இயலாதவர்க்கும் விலகிச் செல்லும் வழி திறந்தே இருந்தது.

அவ்வழி இன்றும் அடைபடவில்லை. காலணி தைக்கும் குலத்தில் பிறந்த ரவிதாசரின் 40 பாடல்கள் இந்நூலில் உள்ளன. கிரந்தத்தின்முன் தலை தாழ்த்துவோர் அவர் சொல்லுக்கும் தலை தாழ்த்துகின்றனர். எனினும் பஞ்சாபின் பல சிற்றூர்களில் அவர் மரபினர்க்குக் குருத்துவாராவும் சுடுகாடும் தனித்தனியே உள்ளன. இம்முரண் வணங்குவோர்க்குத் தெரியாததன்று. வணக்கமே அதனைக் காணாதிருக்க உதவுகிறது என ஐயுற இடமுண்டு.

2009இல் வியன்னாவில் தம் சமயத் தலைவர் ஒருவர் கொல்லப்பட்டபின், ரவிதாசர் வழியினருள் ஒரு பிரிவினர் 2010இல் 'அமிர்தபாணி' என்னும் தனி நூலைத் தம் மறையாக அறிவித்தனர். அவர்தம் கோயில்கள் பலவற்றில் அதுவரை குரு கிரந்த சாகிப் வீற்றிருந்தது. அதனை அகற்றியமையால் நூலன்பு குன்றியவர் அவர் எனக் கூறுதல் எளிது. ஆயின் நூலை விட்டு முதலில் விலகியவர் யாவர் என்னும் வினா எஞ்சுகிறது. அவர்கள் கிரந்தத்தை அகற்றினரேனும் அதிலிருந்த ரவிதாசரின் பாடல்களைக் கைவிடவில்லை. புதிய நூலிலும் அவை இடம்பெற்றுள்ளன.