அவதூதரின் 24 ஆசிரியர்

அத்திரி முனிவருக்கும் அனசூயைக்கும் மைந்தராய் அவதரித்தவர் தத்தாத்திரேயர். அனசூயையின் கற்புமேம்பாட்டைச் சுசீந்திரத் தலவரலாற்றால் நம்மவர் பலரும் அறிவர். மகாராட்டிரம், கர்நாடகம், கூர்ச்சரம் முதலிய இடங்களிலே இவர் வழிபாடு சிறந்து விளங்குகின்றது. மூன்று திருமுகமும் ஆறு திருக்கரமும் உடையராய், பசுவும் நான்கு நாய்களும் சூழ, அத்திமரநீழலிலே எழுந்தருளியிருப்பவராக அடியார் இவரைத் தியானிப்பர். அந்நாய்கள் நான்கு வேதங்கள் என்பர். கன்னடநாட்டுக் காணகாபுரத்திலே, இவருடைய அவதாரமெனக் கொள்ளப்படும் நரசிம்மசரசுவதியின் பாதுகைகளே வழிபடப்படுகின்றன. குருவின் திருவடியே பொருளென்பது இம்மரபினரின் துணிபு.

இனி, பாகவதம் பதினோராங் கந்தத்திலே, யது என்னும் அரசன் ஓர் அவதூதரைக் கண்டு, "யாதொன்றும் இல்லாத நீர் இவ்வானந்தத்தை எங்ஙனம் பெற்றீர்?" என்று வினாவ, அவர் தமக்கு ஆசிரியர் 24 என்றார். அவ்வவதூதர் தத்தாத்திரேயரே என்பது வழக்கு. நிலத்தினிடத்துப் பொறுமையையும், மலைப்பாம்பினிடத்துக் கிடைத்ததுகொண்டு அமைதலையும், அரசனது பவனியையும் நோக்காது அம்பு செய்தவனிடத்து மனவொருமையையும் அவர் கற்றார். நெற்குற்றிய கன்னிகை, வளைகள் ஒலியாதிருத்தற்பொருட்டுக் கைக்கு ஒன்றே நிறுத்தி ஏனையவற்றைக் கழற்றக் கண்டு, தனிமையின் பயனை உணர்ந்தார். விட்டில் ஒளியாலும், யானை ஊற்றாலும், மான் ஓசையாலும், மீன் சுவையாலும் கெடுதல் கண்டு புலனடக்கம் பயின்றார். குஞ்சுகள்மேல் வைத்த பற்றினால் வலையில் வீழ்ந்த புறாவும் அவருக்கு ஆசிரியராயிற்று.

அற்றேல், காண்பன யாவும் கற்பிக்குமாயின், மானுட ஆசிரியர் வேண்டப்படாரோ எனின், அற்றன்று. விட்டில் வீழ்ந்ததைக் கண்டார் பலர், கற்றவர் ஒருவர். தீயொழுக்கத்தையும் விலக்கத்தக்கதென்று கண்டு பயன்கொள்ளும் விவேகக் கண் அவருக்கு இருந்தது. அக்கண் தானே திறவாது. உள்நின்று உணர்த்தும் இறைவனே, ஐம்பொறிகளின் வயப்பட்டுத் தன்னை மறந்த உயிருக்குக் குருவாய் வெளிப்பட்டு உணர்த்துவன் என்பது சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தின் கருத்தாதலின், அவ்விருபத்துநான்கினிடத்தும் நின்று போதித்த குரு ஒருவனே என்று கொள்க.

இதனால் நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. புறாத் தன்னை ஒருவர் நோக்குகின்றார் என்று அறியாது, அறியாமலே போதித்தது. நாமும் அத்தன்மையேமே. பாடஞ் சொல்லும் ஒருமணிநேரத்திற்கு ஆயத்தஞ் செய்கின்றோம். எஞ்சிய நேரமெல்லாம் நம் நடையும், சினமும், பொய்யும், பூசையிலே நாம் காட்டும் அசிரத்தையும், ஆயத்தமின்றியே பாடமாகின்றன. பொறுமையைப் புகழ்ந்து பேசிவிட்டு, மறுகணமே பிரம்பை ஓங்குவோமாயின், மாணாக்கன் கொண்டுசெல்வது பிரம்பையேயாம்.

"தீய ஆசிரியனிடத்தும் நல்லன கற்கலாமே, அவதூதர் கற்றிலரோ?" என்று சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி கற்பவனுக்கு உரியது, கற்பிப்பவனுக்கு உரியதன்று. அவதூதர் விட்டிலைக் கண்டு நெருப்பை விலகினார். ஏழுவயதுப் பாலகனோ விட்டிலைப் பின்தொடர்ந்து தானும் பறப்பான். கொள்வதும் தள்ளுவதும் பகுத்தறியும் பருவம் அவனுக்கு வருமளவும், அவன்முன் தள்ளத்தக்கது நிகழாமற் காத்தலே நம் கடன்.

ஆதலின், ஆசிரியர்காள், மாணாக்கர் நம்மை எவ்வகை ஆசிரியராகப் பின்னாளில் எண்ணுவர் என்று நாடோறும் ஆராய்வோமாக. நிலம்போல் நின்று போதிப்பதும் போதனையே. விட்டில்போல் வெந்து போதிப்பதும் போதனையே. இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் அறிவு விட்டிலுக்கு இல்லை, நமக்கு உண்டு.

திருச்சிற்றம்பலம்.