அடைத்து வளர்ப்பது அன்பாகுமா?

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் வாழும் சமணக் குடும்பத்து இளைஞன் ஒருவன் அண்மையில் என்னிடம் ஓர் ஐயம் வினவினான். "பாட்டி, சிறுத்தைப் பல்லி இணை ஒன்றை வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்யலாமா? நான் எதையும் துன்புறுத்த மாட்டேன்."

அவன் நன்கு கற்றே வந்திருந்தான். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் போரிட்டுக் காயமுறும். இணைசேரும் பருவத்தில் ஆணை ஓயாது உடன் விட்டால் பெண் நலியும். ஆகவே தனித்தனியே வைத்துச் சிறிது நேரமே சேர்க்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள். அவற்றை 26 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள். 32 பாகையை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண். பிறக்கும் உயிரின் பாலையும் வளர்ப்பவனே வகுக்கிறான்!

"உணவு யாது?" என்றேன்.

"உயிருள்ள சுவர்க்கோழியும் புழுவும்" என்றான், குரல் தாழ்த்தி.

அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் இயங்குயிரை அறிந்து கொல்லலாகாது. அவ்விரதத்திற்கு உரைக்கப்பட்ட ஐந்து குற்றங்களுள் கட்டி வைத்தல் ஒன்று. உணவு மறுத்தல் மற்றொன்று. பல்லிக்கு இரை இட்டால் கொலை. இடாவிடில் உணவு மறுத்த குற்றம். இரண்டிற்கும் வித்து, அதனை அடைத்து வைத்ததே.

சுவர்ப் பல்லியும் பூச்சி தின்கிறதே எனலாம். அது தன் வினைவழி வாழ்கிறது. அங்கே நாம் செய்வதுமில்லை, செய்விப்பதுமில்லை. பெட்டிக்குள் இரையை விடுவது நம் கை. குஞ்சுகள் பெருகினால் அக்கையின் கொலையும் பெருகும்.

முன்பே வாங்கிவிட்டவர் அதனைப் பட்டினி போடலாகாது. பழகாத இடத்தில் விட்டுவிடலுமாகாது. தம் பிழையை உணர்ந்து, அதன் ஆயுள்வரை காத்து, இணை சேர்க்காது நிறுத்திக்கொள்வாராக. வாங்காதவர் வாங்காதிருப்பாராக. உயிர்களிடத்து அன்புடைய பிள்ளைகளுக்கு நம் வீட்டுச் சுவரே போதும்.