சுடாத துப்பாக்கிக்குப் பாவம் உண்டா?

வேலும் மயிலும் துணை.

இந்த வாரம் கோயில் பயணமும் இல்ல, விரத முறையும் இல்ல. ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு கேள்வியை எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

ஒரு தப்பு பண்ணப் போறோம். கடைசி நொடியில ஏதோ ஒரு தடை வந்து அது நடக்காம போயிடுது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல. அப்போ நாம தப்பு பண்ணோமா, பண்ணலையா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல ஒரு காட்டுக்குள்ள.

ஆபீஸ் வேலையா ஆறு மாசம் அங்க இருந்தேன். டீம்ல ஒரு பெரியவர், அறுபதை நெருங்கினவர், வேட்டைக்குப் போறவர். அந்த ஊர்ல வசந்த காலத்துல, ஏப்ரல் கடைசி, மே மாசத்துல, காட்டு வான்கோழி வேட்டைக்கு சீசன் திறப்பாங்க. நெஞ்சுல தாடி மாதிரி ஒரு கொத்து தொங்குற பறவையை மட்டும்தான் அந்த சீசன்ல சுடலாம். அது பெரும்பாலும் சேவலாதான் இருக்கும். "சும்மா வந்து உக்காந்து பாரு, துப்பாக்கியைத் தொட வேணாம்"னு கூப்பிட்டார். நானும் ஆர்வத்துல சரின்னுட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார். கையில சிவப்புக் கயிறு, நெத்தியில விபூதி. "ரெண்டையும் மூடிக்கோ"ன்னு கையுறையும் முகமூடியும் கொடுத்தார். காரணம் மதம் இல்ல. வான்கோழிச் சேவலோட தலை சிவப்பு, வெள்ளை, நீலம்னு நிறம் மாறும். காட்டுல அந்த நிறம் தெரிஞ்சா இன்னொரு வேட்டைக்காரர் உன்னையே பறவைன்னு நினைச்சு சுட்டுடுவார், அதனால அந்த மூணு நிறமும் கூடாதுன்னு அங்க பாலபாடமாவே சொல்லித் தர்றாங்க.

விடியறதுக்கு முன்னாடியே போய், முதுகை விட அகலமான ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்தோம். நல்ல குளிர். அவர் முதல்ல ஆந்தை மாதிரி கத்தினார். தூரத்துல மரத்து மேல தூங்கிட்டிருந்த சேவல் ஒண்ணு "களகளகள"ன்னு பதில் கொடுத்தது. அப்புறம் சிலேட்டு மாதிரி ஒரு வட்டத் தட்டுல குச்சியை வச்சு உரசினார். அச்சு அசலா பெட்டைக் கோழி சத்தம். காட்டுல வழக்கமா சேவல் கூப்பிடும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் அதைத் தலைகீழா மாத்துறார். இல்லாத பெட்டையைத் தேடி சேவல் வருது.

வந்தது. வாலை விசிறியா விரிச்சு, இறக்கையைத் தரையில உரசிக்கிட்டு. எனக்கு மயில் ஞாபகம்தான் வந்தது. இது வெறும் உவமை இல்லங்க. உயிரியல் கணக்குல மயில், சேவல், வான்கோழி மூணும் ஒரே குடும்பம். நம்ம அப்பன் வாகனத்துக்கும் கொடிக்கும் தூரத்துச் சொந்தம் ஒண்ணு, முப்பதடி தூரத்துல நின்னுக்கிட்டிருந்தது.

அவர் மெதுவா துப்பாக்கியை உயர்த்தினார். 12 கேஜ் ஷாட்கன். விசையை அழுத்தினார்.

"க்ளிக்."

அவ்வளவுதான். வெடிக்கல.

பறவை "பட்"னு ஒரு குரல் கொடுத்து, வாலைச் சுருக்கிக்கிட்டு புதருக்குள்ள ஓடிடுச்சு.

உண்மையைச் சொல்றேன். அந்த நொடியில எனக்குள்ள முதல்ல வந்த வார்த்தை "சே!" அதுதான். விழும்னு எதிர்பார்த்தேன், விழல, ஏமாற்றம். ரெண்டு மூணு நொடி கழிச்சுதான் "முருகா, காப்பாத்திட்டப்பா"ன்னு வந்தது. ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொல்லும்போது அந்த ரெண்டாவது வார்த்தையை மட்டும்தான் சொன்னேன்.

அம்மா கேட்டாங்க, "அது தப்பிச்சிருச்சு, சரி. நீ எதுக்குடா அங்க போன?"

பதில் இல்ல.

இப்ப அந்தப் பெரியவர் என்ன பண்ணார்னு சொல்றேன். திட்டல, சிரிக்கல. துப்பாக்கியை அதே திசையில, பாதுகாப்பா நீட்டிப் பிடிச்சபடி அசையாம இருந்தார். மனசுக்குள்ள முப்பது வரைக்கும் எண்ணினாராம். சில சமயம் தோட்டா உடனே வெடிக்காம தாமதமா வெடிக்கும். அவசரப்பட்டுத் திறந்தா கையோட போயிடும். அப்புறம் தோட்டாவை வெளிய எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினார். நடுவுல பொட்டு மாதிரி இருக்குற பிரைமர்ல ஊசி முனை இடிச்சு லேசா ஒரு பள்ளம். ஆழம் பத்தல. உள்ள இருந்த பழைய எண்ணெய் குளிர்ல பசையா இறுகிப் போய், ஊசியோட வேகத்தைக் குறைச்சிருக்கு. பிரைமர் தீப்பிடிக்கல, மருந்து எரியல, குண்டு போகல.

"பறவைக்கு நல்ல நாள். எனக்கு ஒரு தகவல்"னார். வீட்டுக்குப் போனதும் துப்பாக்கியைப் பிரிச்சுத் துடைச்சார். துடைச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே மகனுக்குப் போன் போட்டார்: "என்னோடது இன்னைக்கு மக்கர் பண்ணிடுச்சு. நீயும் அதே எண்ணெய்தான் போட்டிருக்க, உன்னோடதையும் திறந்து பாரு."

அந்த போன் கால்தான் என்னைத் தூங்க விடல.

ஏன்னா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் கையிலயும் ஒரு "க்ளிக்" நடந்திருக்கு.

சென்னை ஆபீஸ்ல ஒரு ராத்திரி, புரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல பழைய பதிவுகளை அழிக்குற க்வெரி ஓட்டினேன். எந்தெந்த பதிவை அழிக்கணும்னு சொல்ற கண்டிஷன் வரியை செலக்ட் பண்ணாம விட்டுட்டேன். அதாவது, மொத்த டேபிளும் காலி. ஆனா அந்த நேரத்துல வேற ஒரு ஜாப் அந்த டேபிளை லாக் பண்ணி வச்சிருந்தது. என் க்வெரி காத்திருந்து காத்திருந்து டைம் அவுட் ஆயிடுச்சு. ஒரு வரி கூட அழியல. வேர்த்துப் போய் உக்காந்திருந்தேன். அப்புறம் கண்டிஷனைச் சேர்த்து ஓட்டினேன். "முருகா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

ஆறு மாசம் கழிச்சு எங்க டீம்ல ஒரு ஜூனியர் பொண்ணு, அதே தப்பைப் பண்ணுச்சு. அன்னைக்கு லாக் எதுவும் இல்ல. க்வெரி ஓடிடுச்சு. பேக்கப்ல இருந்து மீட்க நாலு மணி நேரம் ஆச்சு, அன்னைக்குக் காலையில வந்த பதிவுகள் திரும்பி வரவே இல்ல. அடுத்த நாள் மீட்டிங்ல எல்லாரும் பேசினாங்க. நானும் பேசினேன். "ஓட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பார்க்கணும்மா"ன்னு அட்வைஸ் பண்ணேன். அந்த வருஷம் அவளுக்கு ரேட்டிங் குறைஞ்சது. எனக்குக் கூடுச்சு.

ரெண்டு பேரும் பண்ணது ஒரே தப்பு. வித்தியாசம் ஒரு லாக் மட்டும்தான்.

1976-ல பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல்னு ரெண்டு தத்துவ அறிஞர்கள் இதைப் பத்தி எழுதி, இதுக்கு "ஒழுக்க அதிர்ஷ்டம்"ங்கிற மாதிரி ஒரு பேரும் வச்சாங்க. நேகல் சொல்ற உதாரணம் ஒண்ணு: குடிச்சுட்டு வண்டி ஓட்டுறவன் நடைபாதை மேல ஏத்திடுறான். அங்க ஆள் இருந்தா கொலைகாரன், இல்லன்னா வெறும் கவனக்குறைவு. ஆள் இருந்ததும் இல்லாததும் அவன் கையிலயா இருந்தது?

அதுக்கு ரொம்ப முன்னாடி, 1785-ல, கான்ட் இன்னொரு பக்கம் நின்னார். விளைவு என்னவா இருந்தாலும், மனசுல இருந்த எண்ணத்தோட மதிப்பு அதனால கூடவும் செய்யாது, குறையவும் செய்யாதுன்னார். நம்ம பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 511-வது பிரிவுல கூட ஒரு எடுத்துக்காட்டு உண்டு. ஒருத்தன் பிக்பாக்கெட் அடிக்கக் கையை விடுறான், பாக்கெட்ல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் அவன் குற்றவாளிதான். ஆனா அதே சட்டம், முயற்சிக்கும் நடந்து முடிஞ்ச குற்றத்துக்கும் பொதுவா ஒரே தண்டனை கொடுக்கல. சட்டத்துக்கே ரெண்டு மனசு.

எனக்குத் தோணுறது இதுதான். இங்க ரெண்டு கணக்கு இருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்.

ஒண்ணு, அடுத்தவங்களுக்கு என்ன ஆச்சுங்கிற கணக்கு. இதுல விளைவுதான் எல்லாம். அந்த வான்கோழிக்கு, வெடிச்சதுக்கும் வெடிக்காததுக்கும் நடுவுல ஒரு முழு உயிர் இருக்கு. "எண்ணம்தான் முக்கியம்"னு அதுகிட்ட போய் சொல்ல முடியுமா?

இன்னொண்ணு, நான் எப்படிப்பட்டவன்ங்கிற கணக்கு. இதுல "க்ளிக்"குக்கும் "டமார்"க்கும் வித்தியாசமே இல்ல. விசை அழுத்தியாச்சு. என் கவனக்குறைவு அன்னைக்கு ராத்திரியே முழுசா நடந்து முடிஞ்சிடுச்சு. டேட்டா பிழைச்சது, அவ்வளவுதான்.

நான் பண்ண திருட்டுத்தனம் என்னன்னா, முதல் கணக்குல வந்த லாபத்தை எடுத்து ரெண்டாவது கணக்குல வரவு வச்சுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல, அதனால நான் நல்லவன். அதுக்கு முருகன் பேரையும் சேர்த்துக்கிட்டேன்.

இங்கதான் நம்ம மாதிரி பக்தர்களுக்கு ஒரு சிக்கல். என் க்வெரி நின்னது முருகன் அருள்னா, அந்தப் பொண்ணோட க்வெரி ஓடினது என்ன? அவளும் கிருத்திகை தவறாம வடபழனி போறவதான். அவன் என்னைக் காப்பாத்தி அவளைக் கைவிட்டானா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல. தப்பிச்சதையே "நான் நல்லவன்"ங்கிற சர்டிபிகேட்டா வச்சா, மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு ஆயிடும்.

அப்போ அருள்னு ஒண்ணு அதுல இல்லவே இல்லையா? இருக்குன்னுதான் நம்புறேன், ஆனா அது விடுதலை இல்ல, அவகாசம். கந்தபுராணத்துல போருக்கு முன்னாடி முருகன் வீரபாகுவைத் தூது அனுப்புறார். சூரபத்மனுக்குத் திருந்த ஒரு வாய்ப்பு. அவன் அதைக் கேக்கல. தூது வந்ததாலேயே "நமக்கு ஒண்ணும் ஆகல"ன்னு நினைச்சிருந்தா எவ்வளவு முட்டாள்தனம்? அந்த "க்ளிக்" எனக்கு வந்த தூது. நான் அதைப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சேன்.

அந்தப் பெரியவர் பூட்டி வைக்கல. வேட்டை சரியா தப்பாங்கிறது தனிப் பேச்சு. வாரா வாரம் சிக்கன் 65 சாப்பிட்ட நான் அவருக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு காலத்துல அங்க காட்டு வான்கோழி அழிவு விளிம்புக்கே போயிருந்தது. துப்பாக்கி, தோட்டா மேல வாங்குற வரிப்பணத்தை 1937-லதான் காட்டுயிர்களை மீட்கத் திருப்பி விட்டாங்க, வான்கோழியும் அதுல திரும்பி வந்தது. இந்த விஷயத்துல கறுப்பு வெள்ளையா எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் தெளிவு. தன் கருவி பழுதுன்னு தெரிஞ்சதும், அவர் வெட்கப்படாம இன்னொருத்தருக்குச் சொன்னார். அதிர்ஷ்டம் நம்ம கையில இல்ல. அதுக்கு அப்புறம் வர்ற முப்பது நொடி முழுக்க நம்ம கையில இருக்கு.

ஊருக்கு வந்ததும் அந்தப் பொண்ணைக் கேன்டீன்ல உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். கோவப்படுவான்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துட்டு இருந்தா.

"அண்ணா, அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானும் பார்த்து ஓட்டியிருப்பேன்ல?"

அதுக்கும் பதில் இல்ல. அடுத்த வாரம் டீம் மீட்டிங்ல, மேனேஜர் முன்னாடியே, என் கதையைச் சொன்னேன். ரேட்டிங் எல்லாம் திரும்பி வராது. ஆனா அதுக்கப்புறம் கண்டிஷன் இல்லாத டெலீட்டை சர்வரே தடுக்குற மாதிரி செட்டிங் மாத்தினோம். "நூலிழையில தப்பிச்சது"ன்னு தனியா ஒரு ஷீட் திறந்திருக்கோம். இதுவரைக்கும் பதினோரு பேர் எழுதியிருக்காங்க. முதல் வரி என்னோடது.

உங்க கையிலயும் இப்படி ஒரு சத்தமில்லாத "க்ளிக்" இருக்கும். போனைப் பார்த்துக்கிட்டே வண்டி ஓட்டி, யார் மேலயும் இடிக்காம வீடு வந்த ஒரு ராத்திரி. கோவத்துல டைப் பண்ணி, நெட் இல்லாததால போகாத ஒரு மெசேஜ். "முருகா, காப்பாத்திட்ட"ன்னு கும்பிடுங்க, தப்பே இல்ல. கும்பிட்ட கையோட தோட்டாவை வெளிய எடுத்து ஒரு தடவை பாருங்க. யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

ஓம் சரவணபவ.